போர்டு மாறினால் முகவரியும் மாற வேண்டுமா? சர்வர் ப்ரொஃபைலுக்கு மூன்று வழிகள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறை என் பொறுப்பு. போன கோடையில் ஒரு சர்வரின் மதர்போர்டு போனது. புது போர்டு பொருத்த இரண்டு மணி நேரம்தான் ஆனது, கூத்து அதற்கப்புறம். போர்டிலேயே இருந்த நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) மாறிவிட்டதால், ஐபி முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபியில் பழைய மேக்குக்கு ஒதுக்கிய ஐபி கிடைக்கவில்லை. மேக்கைப் பார்த்து ஓடும் ஒரு மென்பொருளின் லைசென்ஸும் படுத்துக்கொண்டது.

தர்மபுரி பஸ் ரிப்பேரானால் டிப்போவிலிருந்து வேறு வண்டி வரும், ரூட் போர்டு மட்டும் அதேதான். சர்வர் ப்ரொஃபைலும் அப்படித்தான். மேக், ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அதே வேலை செய்யும் டபிள்யூடபிள்யூஎன், சர்வரின் அடையாள எண்ணான யூயூஐடி, எந்த நெட்வொர்க் பிரிவு என்று சொல்லும் விலான், சர்வர் கிளம்பும்போது பார்க்கும் பயாஸ் அமைப்பு எல்லாம் இரும்புப் பெட்டிக்கு வெளியே எழுதி வைக்கப்படும்.

இதை ஆழமாகச் செய்தது சிஸ்கோவின் யூசிஎஸ், 2009-இல் வந்தது. அங்கே இதற்குப் பெயர் சர்வீஸ் ப்ரொஃபைல், சர்வர்களை இணைக்கும் ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் என்ற ஸ்விட்ச் ஜோடியில் இருக்கும். பிளேடு (ஒரே கூண்டில் செருகும் சர்வர்) போனால் ப்ரொஃபைலை வேறு பிளேடில் ஏற்றினால் போதும், அதே டபிள்யூடபிள்யூஎன் வருவதால் எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஸோனிங்கைத் தொட வேண்டாம். உள் டிஸ்க் இல்லாமல் சானிலிருந்து, அதாவது ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்து, பூட் ஆகும் அறைக்கு இது வரம். ஆனால் பல ப்ரொஃபைலுக்கு அச்சாக இருக்கும் அப்டேட்டிங் டெம்ப்ளேட்டில் கை வைத்தால் அதோடு கட்டிய எல்லா ப்ரொஃபைலும் மாறும். எப்போது ரீபூட் செய்வது என்று சொல்லும் மெயின்டனன்ஸ் பாலிசி 'இமீடியட்' என்று இருந்தால், ரீபூட் தேவைப்படும் மாற்றத்துக்குச் சர்வர்கள் கேட்காமலே ரீபூட் ஆகும். பெங்களூரு பக்கம் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பட்டுத் தெரிந்துகொண்டான்: "பயாஸ்ல ஒரே ஒரு செட்டிங்தானேண்ணா மாத்தினேன்!" 'யூசர் அக்' வைத்திருந்தால் அவன் அனுமதிக்காகக் காத்திருந்திருக்கும்.

இரண்டாவது, ஹெச்பிஈயின் நிர்வாக மென்பொருளான ஒன்வியூ. இந்த இடத்தில் அது நிதானம். டெம்ப்ளேட்டை மாற்றினால் அதன் ப்ரொஃபைல்கள் ஒத்துப்போகவில்லை என்று காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பார்த்து நாம்தான் புதுப்பிக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்பார்கள் சிலர், எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் மெய்நிகர் மேக் (கார்டில் அச்சானதற்குப் பதில் மென்பொருள் தரும் முகவரி), டபிள்யூடபிள்யூஎன் எல்லாம் சினர்ஜி மாதிரி பிளேடு அமைப்பில், விர்ச்சுவல் கனெக்ட் என்ற ஹெச்பிஈ இணைப்புப் பெட்டி வழியாகத்தான். ஹெச்பிஈயின் டிஎல் ரேக் சர்வர் வாங்கிவிட்டு அதே வசதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அங்கே பயாஸ், ஃபர்ம்வேர், டிஸ்குகளைச் சேர்த்து அமைக்கும் ரெய்டு வரைக்கும்தான்.

மூன்றாவது, டெல் சர்வருக்குள்ளேயே இருக்கும் நிர்வாகச் சிப்பான ஐடிராக்கின் கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல். இதற்குத் தனிப் பெட்டி வேண்டாம், ஒரு எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் கோப்புதான். ஏற்றுமதி செய்யும்போது 'க்ளோன்' என்று எடுத்தால் அடையாளம் விடுபடும், பத்துச் சர்வரை ஒரே மாதிரி அமைக்க அது. 'ரீப்ளேஸ்' அடையாளத்தோடு வரும், போன சர்வருக்குப் பதில் வைக்க. மாற்றி எடுத்தால் ஒரே மெய்நிகர் மேக் இரண்டு இடத்தில் உலாவும், நெட்வொர்க் விட்டுவிட்டு வேலை செய்யும், காரணம் தேடி நாள் போகும்.

கார்டில் அச்சான மேக்கைக் கோப்பு மாற்றாது. அதன் மேல் நாமே ஒரு மெய்நிகர் மேக் போட வேண்டும், 02 என்று தொடங்கும்படி எடுத்தால் கார்டு நிறுவனங்களின் எண்ணோடு பொதுவாக மோதாது. பவர் கேபிளைப் பிடுங்கினாலும் அது நிற்க வேண்டுமென்றால் ஐடிராக்கில் ஐ/ஓ ஐடென்டிட்டி ஆப்டிமைசேஷனை இயக்கி, எப்போது முகவரியைத் தக்கவைப்பது என்று சொல்லும் பெர்சிஸ்டன்ஸ் பாலிசியைச் சரியாக வைக்க வேண்டும். எல்லாக் கார்டும் இதற்கு ஒத்துவராது, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை பேச வரவில்லை, ஆனால் ஒன்பது ரேக் சர்வருக்கு ஃபேப்ரிக் இன்டர்கனெக்ட் ஜோடி வாங்குவது கல்யாண மண்டபம் பிடித்து மொட்டை அடிக்கிற கதை. முப்பது பிளேடு, சான் பூட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு யூசிஎஸ் சொல்வேன். பிளேடுதான், ஆனால் ஆட்கள் புதியவர்கள் என்றால் ஒன்வியூ. எங்கள் அறையில் கோப்பு வழிதான் ஓடுகிறது. மாதம் ஒருமுறை 'ரீப்ளேஸ்' கோப்பு எடுத்து, அடுத்த கட்டடத்தில் இருக்கும் நாஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புச் சேமிப்பு) பெட்டியில் போடுகிறோம். முதல் மூன்று மாதம் அதை அதே சர்வரின் டிஸ்கிலேயே வைத்திருந்தோம் என்பதை மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.