மழை வந்தால் சுவர் ஸ்விட்சையே பூட்டிவிடும் ‘ஸ்மார்ட்’ ஏற்பாடு: 68,500 ரூபாய் போனது, நெல்லைக்காரர்கள் கவனம்

68,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் இப்போது அதைச் ‘சின்ன வேலைதானே அக்கா’ என்கிறார். கத்தாரில் வெயிலில் நின்று என் கணவர் அனுப்பிய பணம் அது.

விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் மொபைலிலிருந்து இயக்கும்படி செய்து தரும் கடை. பெயர் இப்போது வேண்டாம். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். அடைமழை என்றால் காம்பவுண்டுக்குள் தண்ணீர் ஏறும், அதை இறைத்து வெளியே விடப் பின்கட்டில் ஒரு சிறிய மோட்டார் வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, தாமிரபரணி வெள்ளம் நெல்லை சந்திப்புப் பகுதிக்குள் புகுந்ததே, அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே என் மாமியாருக்குப் படபடப்பு வந்துவிடும். கடைக்காரர் விற்றது சாதனத்தை அல்ல, அந்தப் பயத்தை.

அத்தை போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: “கனமழை, இடி என்று எச்சரிக்கை வந்தால் வீடு தானாகவே மழைப் பாதுகாப்புக்குப் போய்விடும் அக்கா. மோட்டார், வெளி விளக்கு, ஈரச்சுவர்ப் பக்கம் இருக்கும் பாயிண்ட் எல்லாம் அணைந்துவிடும். ஆச்சி மறந்துபோய் ஸ்விட்சைப் போட்டாலும் கரண்ட் போகாது.” அத்தையின் விரலைப் பிடித்து மொபைல் திரையில் வைத்தார். கூடத்து விளக்கு எரிந்தது, அணைந்தது. அத்தை சிறு பிள்ளை போலச் சிரித்தார். “நல்ல பையனாகத் தெரிகிறான், செய்யச் சொல்லு” என்றார்.

நான் அப்போதும் கேட்டேன்: “நெட் போய்விட்டால் என்ன செய்வது?”

“சுவர் ஸ்விட்ச் எங்கே போய்விடும் அக்கா? அது எப்போதும் போல வேலை செய்யும்.”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் 68,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. சாயங்காலமே மழைப் பாதுகாப்பு வந்துவிட்டதாக மொபைலில் செய்தி. சற்று நேரத்தில் நெட் போனது, பின்னாலேயே கரண்டும் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விளக்கு ஸ்விட்சைப் போட்டேன். டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே டக். இன்வெர்ட்டரில் முழு சார்ஜ் இருக்கிறது, அதன் பச்சை விளக்கு பளிச்சென்று எரிகிறது, வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை! மொபைலில் டேட்டா இருந்தும் பயனில்லை. சுவருக்குள் பதித்த பெட்டிகளுக்கு நெட் வேண்டுமாம்.

நடுவில் கரண்ட் ஒருமுறை வந்தது. ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். அதற்கும் பூட்டு. தண்ணீரை இறைக்க வேண்டிய மோட்டாரைத் தண்ணீர் வரும் நேரம் பார்த்து நிறுத்தி வைப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு? தண்ணீர் நிலைப்படி தாண்டி வந்து, அரிசி மூட்டையும் பீரோவின் அடிப்பலகையும் நனைந்தன. சர்க்கரை நோய் உள்ள அத்தை கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, குளியலறைக்குப் போக என் மொபைல் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

காலையில் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து போர்டைக் கழற்றினார். ஸ்விட்சிலிருந்து விளக்குக்கு நேராகப் போக வேண்டிய வயர் அங்கே இல்லை. பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே, அதாவது உத்தரவு வந்தால் கரண்டைத் திறந்து மூடும் சின்னக் கருவி. ஸ்விட்சைத் தட்டினால் அது எங்கோ இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டரைக் கேட்கும், சர்வர் சரி என்றால்தான் விளக்குக்குக் கரண்ட் போகும். பூட்டைத் திறக்கும் உத்தரவும் நெட் வழியாகத்தான் வர வேண்டும். “இது ஸ்விட்ச் இல்லை தாயி, காலிங் பெல். அடிக்கத்தான் முடியும்” என்றார் அண்ணாச்சி. நெட் இல்லாதபோது ஸ்விட்ச் நேராக ரிலேயை இயக்கும்படி அமைக்க வழி இருக்கிறதாம். அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

கடைக்கு போன் செய்தால், முதலில் மின்வாரியத்தைக் கேட்கச் சொன்னார்கள். பிறகு நெட் கம்பெனியை. பிறகு ‘சர்வர் எங்கள் கையில் இல்லை’. வாட்ஸ்அப்பில் போர்டின் படத்தை அனுப்பினேன், கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. நேரில் போய் நின்றபோது முதலாளி சொன்னது இது: “மழையில் அணைய வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? சரியாகத்தானே அணைந்திருக்கிறது!” இயற்கைச் சீற்றத்துக்கு வாரண்டி கிடையாதாம். இன்னும் 9,000 ரூபாய் கொடுத்தால் நெட் இல்லாமல் வேலை செய்யும் பெட்டி ஒன்று வைத்துத் தருவார்களாம். 68,500 வாங்கிய வாய்தான் அதையும் கேட்கிறது. கையில் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. பில் கேட்டால் ‘கணக்கர் ஊருக்குப் போயிருக்கிறார்’.

வாங்குபவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் ரவுட்டரை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்விட்சையும் நீங்களே தட்டிப் பாருங்கள். மழைப் பாதுகாப்பைப் போட்டுவிட்டும் அதேபோலப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் குளியலறை விளக்கையும் இவர்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் நீட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அதுவரை கடையின் பெயரைக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். அந்த முதலாளி இதைப் படித்தால் அவருக்கே தெரியும்: 68,500 ரூபாய், நனைந்த அரிசி தனிக்கணக்கு.