24 வருஷம் கியர் வண்டி ஓட்டிட்டு ஆட்டோமேட்டிக் கிளாஸ் போனேன் - 4 ஸ்டார்

அம்பாசிடர்ல ஆரம்பிச்சு மாருதி 800 வரைக்கும் ஓட்டியாச்சு, நமக்கு எதுக்குடா டிரைவிங் ஸ்கூல்னு தான் நானும் நெனச்சேன். போன மாசம் பொண்ணு ஆட்டோமேட்டிக் வண்டி எடுத்துச்சு, ஓட்டிப் பாக்கலாம்னு எடுத்துனு போனா வேலூர் கிரீன் சர்க்கிள் கிட்ட ஒரு ஷேர் ஆட்டோ குறுக்க பூந்துட்டான், என் இடது கால் தானா இல்லாத கிளட்ச்ச தேடிப் போயி பிரேக்க ஒரே மிதி, வண்டி குத்தி நின்னுடுச்சு, பின்னாடி வந்த டவுன் பஸ் ஒரு சாண் கேப்ல நின்னான், கண்டக்டர் எறங்கி வந்து கேட்டத எல்லாம் இங்க எழுத முடியாது. மறுநாளே சத்துவாச்சாரில இவங்க கிட்ட சேந்துட்டேன். 5 நாள், தினம் 1 மணி நேரம், 3000 ரூபா.

மாஸ்டர் மொத நாளே சொல்லிட்டாரு, "புதுசா வர்ற பசங்க ஒன்னும் பிரச்சன இல்ல சார், உங்கள மாரி வருஷக்கணக்கா ஓட்டினு கீறவங்க தான் எனக்கு பயம்." எனக்கு சுருக்னு ஆயிடுச்சு, ஆனா அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. பிளேன்லயும் இதே கதை தான், பிளேன் ஆக்சிடென்ட் கதைன்னா தூக்கத்த விட்டு படிக்கிற ஆளு நானு. அல்ட்ராலைட்னு சொல்ற ரொம்ப லேசான சின்ன பிளேனுங்கள்ல ட்ரைக்னு ஒன்னு இருக்கு, பெரிய பட்டம் மாரி ரெக்க, அதுக்கு கீழ தொங்குற மூணு சக்கர வண்டி, கையில ஒரு கம்பி. சாதா பிளேன்ல ஸ்டிக்க இழுத்தா மூக்கு மேல போகும். இதுல கம்பிய இழுத்தா மூக்கு கீழ போகும், தள்ளுனா தான் மேல. தரையில ஓட்டுறப்ப கூட தலைகீழ், வலது பக்கம் திரும்ப இடது காலால அழுத்தணும். சாதா பிளேன பல வருஷம் ஓட்டுன ஆளு இதுல ஏறுனா மேல நிதானமா சுத்துற வரைக்கும் சரியாத்தான் ஓட்டுவாரு. எறங்கறப்ப தரை திடீர்னு கிட்ட வந்துச்சுன்னா மூளைய கேக்காம கை இழுத்துடும், மூக்கு நேரா மண்ணுல. அப்பிடி உயிர் போன கேஸுங்க இருக்கு. இதுல கொடும என்னன்னா அமெரிக்காவுல ஒரு ஆள் மட்டும் ஒக்கார்ற, வெறும் எடை 115 கிலோவுக்குள்ள இருக்க அல்ட்ராலைட்டுக்கு லைசென்ஸே வேணாம்.

பாடகர் ஜான் டென்வர் 1997ல செத்ததும் கிட்டத்தட்ட இதே மாரி தான். அது ட்ரைக் இல்ல, லாங் ஈஸினு வீட்டுலயே கட்டுற சின்ன பிளேன், அவருக்கு புதுசு. பெட்ரோல் டேங்க் மாத்துற கைப்பிடி டிசைன்படி ரெண்டு காலுக்கு நடுவுல இருக்கணும், கட்டுன ஆளு இடது தோளுக்கு பின்னாடி கொண்டு போயி வெச்சிட்டாரு. திரும்பி அத புடிக்கப் போறப்ப பிளேன் மூக்க பக்கவாட்டுல திருப்புற பெடல வலது கால் அழுத்திடுச்சுன்னு விசாரணையில சொன்னாங்க. 2700 மணி நேரத்துக்கு மேல பறந்த ஆளுங்க அவரு!

சரி கிளாஸுக்கு வர்றேன். மாஸ்டர் பண்ண நல்ல வேல, இடது கால் செருப்ப கழட்டச் சொல்லிட்டாரு. வெறுங்கால சீட்டுக்கு கிட்ட மடக்கி வெக்கணும், கால் லேசா துடிச்சாலும் ஃப்ளோர் மேட்டுல உரசுறது நமக்கே தெரியும். 3வது நாள்ல இருந்து காலி ரோடா பாத்து நல்லா பேச்சு குடுத்துனே வருவாரு, பொண்ணுக்கு மாப்ள பாக்குறீங்களான்னு கேப்பாரு, நாம பதில் சொல்றப்ப திடீர்னு "நிறுத்து!"னு கத்துவாரு. மொத நாலு தடவையும் என் இடது கால் கெளம்பிடுச்சு. நிதானமா இருக்கறப்ப எல்லாருக்கும் தெரியும், பதட்டத்துல என்ன பண்றோம்னு பாக்கறது தான் கிளாஸே.

கொறன்னு பாத்தா, ஏசி போட மாட்டாரு, வேலூர் வெயில்ல 11 மணிக்கு அது கிளாஸ் இல்ல தண்டன. வாட்ஸ்அப்ல ஸ்லாட் சொல்லிட்டு ரெண்டு தடவ மாத்துனாங்க. அப்பறம் கிளாஸ் வண்டி ஏஎம்டி, அதாவது சாதா கியர் பெட்டியவே மிஷின் தானா மாத்துற டைப், காட்பாடி ரயில்வே பாலம் ஏத்தத்துல ட்ராபிக்ல நின்னு பிரேக்க விட்டா பின்னாடி உருளுது, அதுக்கு ஹேண்ட்பிரேக் போட்டு எடுக்கறத கேட்டாத்தான் சொல்லித் தர்றாரு. அதுக்கு தான் ஒரு ஸ்டார் கட்.

பொண்ணு இப்பவும் பக்கத்துல ஒக்காந்ததும் மொதல்ல என் இடது கால தான் எட்டிப் பாக்குது. போறவங்க காலைல 6 மணி ஸ்லாட்டே கேளுங்க, ரோடும் காலி, வெயிலும் இல்ல.