நீலகிரியில் சொட்டுநீர், தெளிப்பான் மானியம்: பட்டாவும் சரிவும்

தோட்டக்கலைத் துறை வழியாக வரும் நுண்ணீர்ப் பாசன மானியத்தில் தொகையைக் குறை சொல்ல முடியாது. 5 ஏக்கருக்குள் நிலமுள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. இழுபறி எல்லாம் காகிதத்தில்தான்.

சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், பேங்க் பாஸ்புக் நகல், போட்டோ எல்லாம் சுலபம். தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்றுதான் நாளாகும். இ-சேவை மையத்தில் முதலில் அதைப் பதிந்துவிடுங்கள். ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும். சிட்டாவில் உங்கள் பெயர் இல்லையென்றால் விண்ணப்பம் நகராது. அடங்கலையும் வாங்கிய இடத்திலேயே படித்துப் பாருங்கள். கேரட் போட்ட நிலத்துக்குப் பழையபடி தேயிலை என்று எழுதியிருந்தால் கள ஆய்வில் மாட்டும். குத்தகை நிலம் என்றால் பதிவு செய்த 7 ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சில் குத்தகை பேசும் ஊரில் இது யாருக்குப் பயன்படும்?

ஆன்லைனில் பதிந்ததும் குழாய் பொருத்தித் தரும் கம்பெனியைத் தேர்வு செய்ய வேண்டும். அவர்கள் அளந்து போடும் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். சமவெளிக் கணக்கு இங்கே உதவாது. 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். சரிவை வெட்டிச் சமன்படுத்திய படிகளில், மேல் படியில் 2 கிலோ இருந்தால் 20 மீட்டர் கீழே அது 4 கிலோ. மேலே தெளிப்பான் சோம்பலாகச் சுற்றும், கீழே இணைப்பு பிய்த்துக்கொண்டு படிக்கட்டு மண்ணையே அரிக்கும். பயிருக்கு நீர் விடும் பக்கவாட்டுக் குழாய்கள் படியின் போக்கிலேயே ஓட வேண்டும். சரிவில் இறங்குவது அவற்றுக்குத் தண்ணீர் பிரிக்கும் துணைக்குழாய் மட்டும். அதிலும் இரண்டு மூன்று படிக்கு ஒரு வால்வு. ஓடைத் தண்ணீர் என்றால் திரை வடிகட்டி மட்டும் போதாது, மணல் வடிகட்டியும் சேர்க்கச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் உறைபனி விழுந்த விடியலில் பயிரைக் கழுவிவிடத் தெளிப்பான் கைகொடுக்கும். காய்கறித் தோட்டத்துக்குச் சொட்டுநீரைவிட இதுவே நம் தேர்வு.

துணைநிலை நீர் மேலாண்மை என்று ஒரு பிரிவும் உண்டு. தரைமட்டத் தொட்டிக்கு 40,000 ரூபாய் வரை, மோட்டாருக்கு 15,000 வரை, தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 வரை. நுண்ணீர்ப் பாசனம் அமைப்பவருக்கே இது கிடைக்கும், கேட்பவர்தான் குறைவு. தொட்டியைத் தோட்டத்தின் உச்சியில் கட்டினால் கீழ்ப் படிகளுக்கு மோட்டாரே வேண்டாம். ஜல்லியையும் சிமெண்டையும் தலைச்சுமையாக ஏற்றும் கூலிக்கு அந்த 40,000 காணாது, அது வேறு விஷயம்.

பொருத்தி முடிந்ததும் ஆய்வுக்கு வருவார்கள், இடக்குறியோடு போட்டோ எடுப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வால்வாகத் திறந்து ஓடவிடுங்கள். பில்லில் உள்ள மீட்டர் கணக்கை டேப் பிடித்துப் பாருங்கள். மானியம் கம்பெனிக்குத்தான் போகிறது. அதே நிலத்துக்கு மறுபடி கேட்க 7 ஆண்டு ஆகும். பாசனத்தை நம்பிய நீர்போக நடவு தையில் தொடங்குவதால், ஐப்பசி மழை முடியுமுன்பே சிறு, குறு விவசாயி சான்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.