மில்ஃபோர்டா, டவுட்ஃபுல்லா? ஒரே நாளில் ஃபியோர்டு பார்க்க எந்த வழி

ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து, இருபுறமும் செங்குத்து மலைகளோடு நீளும் குறுகிய நீர்வழி; அதைப் படகில் சுற்றிப் பார்ப்பார்கள். நியூசிலாந்தின் தென் தீவில் மில்ஃபோர்ட் சவுண்டு, டவுட்ஃபுல் சவுண்டு என்ற இரண்டு ஃபியோர்டுகளில் ஒன்றைப் பார்க்க ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், முதலில் முடிவு செய்யவேண்டியது முந்தைய இரவு எங்கே தங்குவது என்பதுதான். வரைபடத்தில் சுற்றுலா நகரமான குவீன்ஸ்டவுனும் மில்ஃபோர்ட் சவுண்டும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நடுவே மலைத்தொடர் நிற்பதால் சாலை தெற்கே இறங்கி, தே அனாவ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மொத்தம் சுமார் 288 கி.மீ., எங்கும் நிற்காமல் போனாலே நான்கு மணி நேரம். தே அனாவிலிருந்து கிளம்பினால் 118 கி.மீ.தான்.

குவீன்ஸ்டவுனிலிருந்து பேருந்தில் போய்வர 12, 13 மணி நேரம் ஆகிறது. அதில் படகில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. வண்டி ஓட்டத் தயங்குபவர்களுக்கு இது பரவாயில்லை. ஆனால் எல்லாப் பேருந்துகளும் நண்பகலை ஒட்டியே வந்து சேர்வதால் அந்த நேரத்துப் படகுகளில்தான் நெரிசல் அதிகம். வழியில் எக்லின்டன் பள்ளத்தாக்கிலும் கண்ணாடி ஏரிகளிலும் படம் எடுக்கக் கிடைப்பது சில நிமிடங்களே.

தே அனாவில் தங்கிக் காரில் போவதற்கே எங்கள் ஓட்டு. நம்மூர் போல அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால், பேருந்துகள் வருமுன் படகு ஏறிவிடலாம். இரண்டு மணி நேரப் பாதைதான், ஆனாலும் இரண்டரை, மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காரணம் ஹோமர் சுரங்கப்பாதை. 1954-இல் திறக்கப்பட்ட இது சுமார் 1.2 கி.மீ. நீளம், மில்ஃபோர்ட் பக்கமாகப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இறங்குகிறது. கோடையில் பகல் நேரத்தில் சிக்னல் வைத்து ஒருசமயம் ஒரு திசையில்தான் விடுவார்கள். காத்திருக்கும்போது கியா கிளிகள் வந்து கார்க் கதவின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். தீனி போடாதீர்கள். வாகன நிறுத்தத்திலிருந்து படகுத்துறைக்கு நடக்கவும் பத்து நிமிடம் வேண்டும், படகு யாருக்காகவும் நிற்காது.

பெட்ரோலைத் தே அனாவிலேயே நிரப்பிவிடுங்கள், சாப்பாட்டையும் அங்கேயே கட்டிக்கொள்ளுங்கள். ஊர் தாண்டியதும் செல்பேசி சிக்னல் போய்விடும். மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவுக் காலம். டயர்ச் சங்கிலி காரில் இருந்தாக வேண்டும். சாலையையே மூடும் நாட்களும் உண்டு, காலையில் சாலை நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

சிறு விமானத்தில் குவீன்ஸ்டவுனிலிருந்து 40 நிமிடத்துக்குள் போய்விடலாம், காட்சியும் அபாரம். ஆனால் மேகமோ காற்றோ வந்தால் ரத்துதான். பேருந்தில் போய் விமானத்தில் திரும்பும் சீட்டு வாங்கினால், விமானம் ரத்தானால் பேருந்தில் இடம் உண்டா, பணம் திரும்புமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்துக்கு மழை பகை, படகுக்கோ அதுவே விருந்து. ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இடம் இது. எப்போதும் ஓடுபவை போவென், ஸ்டர்லிங் என்ற இரண்டு பெரிய அருவிகள்தான். மழை கொட்டும்போது பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் அருவிகள் இறங்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் பெரும்பாலானவை வற்றிவிடும். மழை என்று முன்னறிவிப்பு வந்தால் படகுச் சீட்டை ரத்து செய்யாதீர்கள். பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் ஸ்டர்லிங் அருவியடிக்குப் படகை ஒட்டிக் கொண்டுபோவார்கள். முன்தளத்தில் நின்றால் தொப்பலாக நனைவீர்கள். கேமராவை உறைக்குள் போட்டுவிடுங்கள்.

டவுட்ஃபுல் சவுண்டு வேறு கணக்கு. மில்ஃபோர்டு சுமார் 15 கி.மீ. நீளம் என்றால் இது 40 கி.மீ. சொந்தக் கார் மானபோரி வரைதான், அது தே அனாவிலிருந்து 20 கி.மீ. அங்கிருந்து ஏரியைப் படகில் கடந்து, வில்மட் கணவாயைப் பேருந்தில் ஏறி இறங்கி, மறுபடி படகு. ஃபியோர்டில் மட்டும் சுமார் மூன்று மணி நேரம். நீர்மின் நிலையப் பணிக்காக 1960-களில் போட்ட அந்த 22 கி.மீ. கணவாய்ச் சாலை வேறு எந்தச் சாலையோடும் சேர்வதில்லை. அதனால்தான் கூட்டம் குறைவு, கட்டணமும் கணிசமாக அதிகம்.

மில்ஃபோர்டில் இருக்கும் மைட்டர் சிகரம் போலச் செங்குத்தாக எழும் ஒற்றைக் காட்சியை டவுட்ஃபுல்லில் எதிர்பார்க்காதீர்கள். முதல்முறை போகிறவர்களுக்கு, சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மில்ஃபோர்டு. இரைச்சல் பிடிக்காதவர்களுக்கு, பனிச்சரிவால் மில்ஃபோர்ட் சாலை மூடிய நாளில் தே அனாவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, இடம் கிடைத்தால், டவுட்ஃபுல். இரண்டிலும் கரையில் கால் வைத்ததும் சாண்ட்ஃப்ளை ஈக்கள் கடிக்கும். பூச்சி விரட்டியைக் கணுக்காலில் தடவ மறக்காதீர்கள்.