உரையிலிருந்து ஆன்டாலஜி கட்டும் கருவிகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆவணங்களை உள்ளே கொட்டினால் ஆன்டாலஜி (ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினி படிக்கும் வடிவில் சொல்லும் அமைப்பு) வெளியே வந்து விழும் என்று நம்பி இறங்குபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொற்கள் வந்து விழும். ஆன்டாலஜியை நாம்தான் கட்ட வேண்டும்.

நான் இவற்றைப் பயன்படுத்துவது இயந்திரப் பராமரிப்புக் கையேடுகளுக்கு. ஆரம்பித்தது டெக்ஸ்ட்டூஆன்டோவில். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 2005 வாக்கில் உருவான கருவி. உரையைப் பகுத்தாயும் மென்பொருளான கேட், ஆங்கிலச் சொல் உறவுகளின் தரவுத்தளமான வேர்டுநெட் இரண்டையும் நம்பி நிற்பது. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஒரு நம்பக மதிப்பு தருவது எனக்கு இன்றும் பிடித்த அம்சம். மேலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், குப்பை தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

வகைப் படிநிலைக்கு அது 1992இல் ஆய்வாளர் மார்ட்டி ஹெர்ஸ்ட் முன்வைத்த வாக்கிய அமைப்புகளையும் பயன்படுத்துகிறது. "பேரிங், சீல் போன்ற உதிரிபாகங்கள்" என்று எங்காவது இருந்தால், பேரிங் ஓர் உதிரிபாகம் என்று பிடித்துக்கொள்ளும். சரிதான், ஆனால் கையேடு எழுதுபவர் யாருக்காக இப்படி எழுதப்போகிறார்? படிக்கும் மெக்கானிக்குக்கு அது தெரிந்த விஷயம். அதனால் கிடைப்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

ஸ்லோவேனியாவின் ஆன்டோஜென் வேறு வழி. ஆவணங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டி நம்மிடம் ஒப்புதல் கேட்கும். புதிய துறையை நோட்டம் விட அருமை. ஆனால் அது தருவது தலைப்பு வரிசை. "பேரிங் தேய்மானம்" பேரிங்குக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். தேய்மானம் எப்படி ஒரு வகை பேரிங் ஆகும்?

பெரிய மொழி மாதிரிகள் (சாட்ஜிபிடி போன்றவற்றின் பின்னால் இருப்பவை) வந்தபின் வேகம் கூடியது உண்மை. கேட்டவுடன் அழகான படிநிலை மரம் வந்துவிடும். மறுபடி கேட்டால் வேறொரு அழகான மரம்! இப்போது ஒரு நேரத்தில் ஒரு பத்தி மட்டும் கொடுக்கிறேன், ஒவ்வொரு உறவுக்கும் மூல வாக்கியத்தைக் கேட்கிறேன். அந்த வாக்கியம் கையேட்டில் இல்லையென்றால் உறவும் இல்லை. நீங்கள் தரும் வார்ப்புக்குள் தகவலை நிரப்பும் ஆன்டோஜிபிடி போன்றவை இந்த வகையில் மேல். வார்ப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் உரை என்றால் முதலில் உருபனியல் பகுப்பி (சொல்லிலிருந்து உருபுகளைப் பிரித்து அடிச்சொல்லைத் தரும் கருவி) தேவை. இல்லாவிட்டால் பம்பு, பம்பின், பம்பில் எல்லாம் தனித்தனிச் சொற்களாக நிற்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. எந்தக் கருவியின் வெளியீடாக இருந்தாலும் ஆன்டாலஜிகளைத் திருத்தும் மென்பொருளான புரோட்டிஜேயில் திறந்து, "பாகம்", "பழுது" இரண்டும் ஒன்றோடொன்று சேராத வகைகள் என்று முதலில் அறிவித்துவிடுங்கள். அதன்பின் அதற்குள்ளேயே ஹெர்மிட் என்ற தர்க்க முரண் சோதிக்கும் கருவியை ஓட்டினால், பழுதின் கீழும் பேரிங்கின் கீழும் ஒரே நேரத்தில் இருக்கும் பேரிங் தேய்மானம் சிவப்பில் வந்து நிற்கும். அந்த அறிவிப்பு இல்லாமல் ஓட்டினால் ஹெர்மிட் வாயே திறக்காது. ஒன்றே பாகமாகவும் பழுதாகவும் இருப்பதில் அதற்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தானியங்கிக் கருவிகள் இந்தச் சேராமை விதிகளை அபூர்வமாகவே தருகின்றன, அதனால் அவற்றை இன்னமும் கையால்தான் எழுதுகிறேன்.