நீலகிரியில் முனைவர் பட்ட ஆய்வு: வழிகாட்டலும் அதற்குப் பிந்தைய வாழ்க்கையும்

தற்கால இலக்கியத்தில் முனைவர் பட்டம் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் சென்னை, மதுரை, கோவை எனச் சமவெளியையே நாடுகின்றனர். நீலகிரியிலுள்ள ஆய்வு மையம் ஒன்றில் பட்டம் பெற்றவள் என்ற முறையில், அங்கு கிடைத்த வழிகாட்டலைப் பற்றியும், அதன்பின் எங்களில் பலர் சென்று சேர்ந்த இடங்களைப் பற்றியும் எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் ஒரு பேராசிரியர் 8 ஆய்வாளர்களுக்கும், ஓர் இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், ஓர் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். சமவெளியில் இந்த இடங்கள் நிரம்பிவிடுவதால், கொடுத்த இயலை நெறியாளர் படித்தாரா என்பதே தெரியாமல் காத்திருந்த தோழியர் எனக்கு உண்டு. இங்கு ஆய்வாளர்கள் சிலரே என்பதால், ஒவ்வோர் இயலும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகளுடன் திரும்பி வந்தது.

மலையின் உண்மையான பயன் ஆய்வுப் பொருளில்தான் தெரிகிறது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காகவே 1968இல் இங்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இன்றைய டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதிலிருந்து வளர்ந்ததே. இலங்கை மலையகத் தமிழரின் சிறுகதைகளை ஆராய்ந்த எனக்கு, கதைகளில் வரும் லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு), பெரட்டுக் களம் (காலையில் கூடி வேலை பிரிக்கும் இடம்), கங்காணி முறை (ஆள் சேர்த்து மேற்பார்க்கும் முறை) ஆகியவற்றைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டறிந்த பிறகே அந்த இயலை எழுத நெறியாளர் இசைவளித்தார். திறனாய்வு நூல்களின் மேற்கோள்களை அடுக்கி ஆய்வேட்டை நிரப்பும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று. நூலக வசதிதான் போதாது. பழைய சிற்றிதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

குறை, ஆய்வேடு முடியும் இடத்தில் தொடங்குகிறது. ஆய்வேட்டை அளித்த ஆறு மாதங்களுக்குள் வாய்மொழித் தேர்வு முடிவை அறிவிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு அந்தக் காலத்துக்குள் அது நடைபெறவில்லை, கேட்டபோது தெளிவான விடையும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, வேலையைப் பற்றி அங்கு எவரும் வாய் திறப்பதில்லை என்பது. உதவிப் பேராசிரியர் பணி நேரடி நியமனத்துக்கு தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்றும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்றும் மானியக் குழு 2023 ஜூலையில் அறிவித்தது. ஆயினும் பட்டம் கையில் வந்தால் பணி தானாகவே வரும் என்ற எண்ணத்தில் எங்களில் சிலர் நெட் தேர்வைத் தள்ளிப்போட்டனர். அதைத் திருத்துவது நெறியாளரின் கடமையாகக் கருதப்படவும் இல்லை.

உடன் ஆய்வு செய்தவர்களில் ஓரிருவரே நிரந்தரப் பணியில் உள்ளனர். மற்றவர்கள் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாகவும், சுயநிதிக் கல்லூரிகளில் ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் பணியிலும், முதுகலை ஆசிரியர் தேர்வெழுதி மேல்நிலைப் பள்ளிகளிலும் இருக்கின்றனர். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்து இன்று பதிப்பாசிரியராக உள்ள ஒருத்தியே ஆய்வில் கற்றதை நாள்தோறும் பயன்படுத்துகிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியொரு வழி உண்டு என்று அவளுக்குச் சொன்னவர் முன்னாள் மாணவர் ஒருவர்தான், துறை அல்ல.

ஆய்வு உதவித்தொகையோ விடுப்புடன்கூடிய பணியோ உள்ளவர்களுக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பட்டத்தை நம்பியே வேலை தேட வேண்டியவர்கள் நெட் தேர்வை முடித்துவிட்டுச் சேர்வது நல்லது. சேரும் முன், அதே நெறியாளரிடம் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கு பணிபுரிகின்றனர் என்று நேரில் விசாரித்துக்கொள்ளவும்.