மஞ்சள் சுவரில் மயில் நிற்கவில்லை

எங்கள் சேலைக்கடையின் பொன்விழாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது அப்பா அன்னதானம் என்றார். என் தம்பி புரொஜெக்‌ஷன் மேப்பிங் என்றான், அதாவது கட்டட முகப்பின் சன்னல், தூண்களுக்குச் சரியாகப் பொருந்தும்படி அசையும் படத்தை ஒளியாக வீசிக் காட்டுவது. இரண்டையும் செய்தோம். அன்னதானத்தில் பாயசம் கொஞ்சம் நீர்த்துவிட்டது, அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும். 2024 அக்டோபருக்குப் பிறகு பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் என்னைப் பார்க்கும் கடைக்காரர்கள் நலம் விசாரிப்பதற்கு முன்பே "எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்கிறார்கள்.

ஆனது 32,000 மலேசிய வெள்ளி (ரிங்கிட்). ஆறு நிமிடக் காட்சி, ஒரே இரவில் நான்கு முறை. செய்தவர்கள் கோலாலம்பூர்க்காரர்கள். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வேண்டுவோர் கடைக்கு வந்து கேளுங்கள். வந்ததுதான் வந்தீர்கள், ஒரு சேலையும் பாருங்கள்.

எங்களுடையது இரண்டு கடைவீடுகளைச் சேர்த்த முகப்பு. கீழே அஞ்சடி எனும் நடைகூடம், மேலே ஆறு மரச்சன்னல்கள், இடையிடையே சுண்ணாம்பு வேலைப்பாடுள்ள தூண்கள். அகலம் 12 மீட்டர், உயரம் 9 மீட்டர். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பகுதியில் சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கவேண்டும். ஒளி ஆணி கேட்பதில்லை என்று தம்பி சொன்ன இடத்தில்தான் அப்பா மனம் இறங்கினார். சாலையை மூடுவதற்கான அனுமதிக் கடிதங்களுக்கெல்லாம் நிறுவனமே அலைந்தது. அதற்கு முழு மதிப்பெண்.

புரொஜெக்டர்களை வைக்க எங்கள் சன்னல்களுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் இடம் வேண்டுமாம். கீழே வைத்து அண்ணாந்து வீசினால் படம் மேலே போகப் போக விரிந்துவிடும். எதிர்க்கடை மளிகைக்காரரின் மாடி அமைந்தது. அது வரமிளகாய் மூட்டை அடுக்கும் மாடி. புரொஜெக்டரின் காற்றாடி மிளகாய்த் தூளை உள்ளே இழுத்துவிடும் என்று மூட்டைகளுக்கெல்லாம் தார்ப்பாய் போர்த்தினார்கள். போர்த்தியும் நிறுவனத்திலிருந்து வந்த மூன்று இளைஞர்களும் இரவெல்லாம் தும்மினார்கள். நான் இஞ்சித் தேநீர் அனுப்பினேன், பில்லில் சேர்க்கவில்லை.

ஒத்திகை இரவு ஒரு மணிக்கு. இந்தச் சேவையில் பணம் எங்கே போகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். படம் எதுவும் இல்லை. சுவர் முழுவதும் வெறும் வெள்ளைக் கோடுகள், மீன்வலை போட்டதுபோல. தூணின் தலைப்பில் பூவேலை புடைத்திருக்கும் இடத்தில் ஒரு கோடு நெளிந்து நின்றது. அந்த மூவரில் ஈப்போ ஊர்க்காரப் பையன் ஒருவன் கணினியில் அந்த முனையைப் பிடித்து இழுக்க, எதிரே சுவரில் அது விரல் அகலம் நகர்ந்து பூவின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு அடுத்த முனை, அடுத்த தூண். வெளிச்சம் போதவேண்டும் என்பதற்காக இரண்டு புரொஜெக்டர்கள் ஒரே படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வீசின. ஆகவே எல்லாம் இரண்டு முறை. விடியற்காலை நான்கு மணி ஆயிற்று. வேலை பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: 1969-இல் டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில், அசையாத மார்பளவுச் சிலைகளின்மேல் பாடுபவர்களின் முகங்களைப் படமாக வீசிச் சிலைகளையே பாடவைத்தார்களாம். "அன்றைக்கும் இதே வேலைதான் அக்கா. மூக்கு மூக்கின்மேல் விழவேண்டும்."

ஒவ்வொரு புரொஜெக்டரும் வீசும் ஒளியின் அளவு 20,000 லூமென். கேட்கப் பெரிய எண்தான். அதை நூற்றுச்சொச்சம் சதுர மீட்டரில் பரப்பினால், இரண்டும் சேர்ந்தும் ஓர் அலுவலக அறையின் வெளிச்சத்தைத் தாண்டாது. கறுப்பை எந்தக் கருவியாலும் வீசமுடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத சுவர்தான். தெரு எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் படத்தின் கறுப்பு. இதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லியிருக்கவேண்டும். கடைசி வாரத்தில் சொன்னார்கள். அக்கம்பக்கத்து எட்டுக் கடைகளுக்கும் முறுக்கு டின்னோடு போய், பெயர்ப் பலகை விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சியது நான். ஏழு பேர் அணைத்தார்கள். எட்டாமவர் முறுக்கை வாங்கிக்கொண்டார்.

அடுத்தது மயில். காட்சியின் தொடக்கத்திலேயே சுவர் முழுக்கத் தோகை விரிக்கும் நீல மயில் ஒன்றை வரைந்திருந்தார்கள். கணினியில் பார்க்கக் கொள்ளை அழகு. எங்கள் சுவரோ மஞ்சள். மஞ்சள் பூச்சு நீல ஒளியை விழுங்கிவிடும் என்பது ஒளியை வைத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் சுவரை அளக்கப் பகலில் வந்தவர்கள் நிறத்தைக் குறித்துக்கொண்டு போகவில்லை. ஒத்திகையில் மயில் பாசி பிடித்த தொட்டிபோல நின்றது. இரண்டே நாளில் மயிலை எடுத்துவிட்டு அரக்குச் சிவப்புச் சேலை ஒன்று மேலிருந்து விரிந்து இறங்குவதாக மாற்றினார்கள். அந்தச் சிவப்பு மஞ்சள் சுண்ணாம்பில் பிடித்ததைப்போல நான் கண்காட்சிகளில்கூடப் பார்த்ததில்லை.

அந்தச் சேலையிலும் எனக்கொரு வருத்தம். எங்கள் சேலைகளையே படமெடுத்துக்கொள்ளுங்கள் என்று பத்துச் சேலைகளை எடுத்து வைத்திருந்தேன். தேவையில்லை என்று சொல்லிக் கணினியில் வரைந்தார்கள். 12 மீட்டர் அகலத்துக்கு 1,920 புள்ளிகள், அதாவது ஒரு புள்ளி ஆறு மில்லிமீட்டருக்கு மேல். நுணுக்கமான ஜரிகை எப்படியும் தெரியாதாம். அது சரிதான். ஆனால் மறுநாள் மூன்று பெண்கள் வந்து "சுவரில் இறங்கிய அந்தச் சேலை" என்று கேட்டார்கள். அப்படி ஒரு சேலை உலகத்திலேயே இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வது?

தமிழ் எழுத்துப் பாடு தனி. முதலில் அனுப்பிய மாதிரியில் "பொன்விழா"வின் கொம்பு கழன்று இடம் மாறி நின்றது. அவர்களுடைய மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் திறந்து வைக்கவேண்டும், யாரும் திறக்கவில்லை. மூன்று முறை திருத்தி அனுப்பினேன். நான்காம் முறை நானே எழுதிப் படமாக்கிக் கொடுத்தேன். கடைப்பெயரை யானையுயரத்துக்குத் தப்பும் தவறுமாகக் காட்டியிருந்தால் அப்பா அன்றைக்கே கடையை இழுத்து மூடியிருப்பார்.

தாமரை, குத்துவிளக்கு, சுழலும் கோலம் எல்லாம் எந்தக் கடைக்கும் பொருந்துபவை. ஏற்கெனவே கையிருப்பில் இருந்தவை என்று நினைக்கிறேன். எங்களுக்கென்றே செய்தது நாற்பது விநாடிதான். சுவரிலுள்ள சன்னல்கள் படத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒன்றில் தையல் இயந்திரம், ஒன்றில் துணிச் சுருள்கள், ஐந்தாவதில் பாட்டி சாய்ந்து தெருவைப் பார்க்கிறார், பழைய புகைப்படத்தில் இருந்தபடியே. அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான்கு காட்சிகளிலும் அந்த இடத்தில் எழுந்தார்.

அளவெடுத்த அன்று சன்னல் கதவுகள் இருந்தபடியே நிகழ்ச்சியன்றும் இருக்கவேண்டும், உள்ளே பூட்டிவிடுங்கள் என்று பையன் இரண்டு முறை சொல்லியிருந்தான். நாங்கள் பூட்டவில்லை. மூன்றாம் காட்சியின் நடுவில் அத்தை கூட்டத்தைப் பார்க்க இரண்டாவது சன்னலைத் திறந்துகொண்டு எட்டிப்பார்த்தார், முகத்தில் பாதித் தாமரையோடு. வெளிச்சம் கண்ணைப் பறிக்கவே கையால் மறைத்துக்கொண்டு யாரையோ திட்டினார். கூட்டம் அதையும் காட்சியில் ஒரு பகுதி என்று எண்ணிக் கைதட்டியது. இது எங்கள் தவறு, நிறுவனத்தின் கணக்கில் எழுதமாட்டேன். மழையும் அப்படித்தான். அக்டோபர் பினாங்கில் நாங்கள்தான் நாள் குறித்தோம். முதல் காட்சி நாற்பது நிமிடம் தாமதம், நனைந்த சுவரில் நிறமும் சற்று மங்கல்.

ஒலிபெருக்கி போதவில்லை. பக்கத்துப் பாட்டுக்கடையின் சத்தம்தான் கேட்டது.

மறுபடியும் அழைப்பேனா என்று தம்பி கேட்கிறான். அளவு வேலைக்கு அழைப்பேன். படங்களை வேறு யாரிடமாவது, எங்கள் சேலைகளை வைத்துச் செய்யச் சொல்வேன். காட்சிக் கோப்பைக் கொடுத்துவிட்டார்கள். அது இந்தச் சுவருக்கு, அந்த மாடியின் அந்த ஓரிடத்திலிருந்து வீசினால் மட்டுமே பொருந்தும். புரொஜெக்டர்களின் கால்கள் நின்ற இடங்களில் வெள்ளை நாடா ஒட்டிப் போயிருக்கிறார்கள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். நாடா இருக்கிறது, அதன்மேல் ஒன்பது மூட்டை மிளகாய்.